பிரிவ்யூ கேட்டு மார்க் போடுகிறவர்களுக்கு

ஆல்பம் வெளியாக இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதற்குள் பன்னிரண்டு பாட்டுக்கும் மார்க் போட்டு முடித்தாகிவிட்டது. "மூணு தேறும், ரெண்டு பரவாயில்லை, மிச்சமெல்லாம் ஸ்கிப்." எதை வைத்து என்று கேட்டால், பிரிவ்யூ, அதாவது ஒவ்வொரு பாட்டிலிருந்தும் வெட்டிய மாதிரித் துண்டு, வந்திருக்கிறதாம். பாட்டுக்கு முப்பது விநாடி வீதம் மொத்தம் ஆறு நிமிடம். ஆல்பம் ஓடுவதோ முக்கால் மணி நேரத்துக்கு மேல்.

யாரையும் குறிவைத்து இதை எழுதவில்லை. புது ஆல்பம் வரும்போதெல்லாம் என் டைம்லைனில் நடக்கிற கூத்துதான் இது. பிரிவ்யூவே கேட்கக் கூடாது என்று உபதேசம் செய்யவும் வரவில்லை. நானே நிறைய கேட்கிறேன். வாராவாரம் வந்து குவிவதையெல்லாம் முதலிலிருந்து கடைசிவரை கேட்பதென்றால் வேலை வெட்டியை விட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். என் பேச்சு வேறு. முப்பது விநாடியில் ஒரு பாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளக்கூடியது சில உண்டு. அதே முப்பது விநாடியை நூறு தடவை ஓட்டினாலும் தெரியாதது சில உண்டு. மார்க் போடுவதெல்லாம் இந்த இரண்டாவது வகைக்குத்தான்.

முதலில் தெரிவதைச் சொல்லிவிடுகிறேன். நம் காது அநியாயத்துக்கு வேகமானது. க்ளென் ஷெல்லன்பெர்க் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பிரபலமான பாட்டுகளிலிருந்து ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நீளத்துக்குத் துண்டு வெட்டி, எந்தத் துண்டு எந்தப் பாட்டு என்று பொருத்தச் சொன்னார்கள். குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மக்கள் நன்றாகவே பொருத்தினார்கள். பத்தில் ஒரு பங்கு விநாடியில் டியூனே கிடையாது, ஒரு ஸ்வரம் முழுதாக வந்தாலே பெரிது. அப்படியானால் எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள்? ஒலியின் சாயலை வைத்துத்தான். அதே துண்டைப் பின்னோக்கி ஓடவிட்டால் கண்டுபிடிக்க முடியவில்லை. உச்ச அலைவரிசைகளை வடிகட்டிவிட்டாலும் முடியவில்லை. அடி ஒலிகளை எடுத்துவிட்டால் மட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஆக, முப்பது விநாடி என்பது ஒலியின் சாயலைப் பிடிக்கத் தாராளமான நேரம். நான் பிரிவ்யூவில் கவனிப்பதும் அதைத்தான். பாடுபவர் மூச்சு இழுப்பது கேட்கிறதா, இல்லை எடிட்டிங்கில் நறுக்கி எறிந்துவிட்டார்களா? ஒரு நீண்ட ஸ்வரத்தின் கடைசியில் குரல் தானாகத் தளர்ந்து இறங்குகிறதா, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல அப்படியே நிற்கிறதா? காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் ஒலிக்கும்போது, அடி ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் வழிவிடுகிறதா, இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழம்புகிறதா? எல்லா வாத்தியமும் எந்நேரமும் ஒரே சத்தத்தில் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறதா? இதெல்லாம் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த விஷயத்தில் வரும் 'வேண்டாம்' என்ற முடிவை நம்பலாம். ஒரு குரலின் தன்மையே ஒத்துவரவில்லை என்றால் முக்கால் மணி நேரம் கேட்டாலும் பெரும்பாலும் ஒத்துவரப் போவதில்லை.

பாட்டு நல்ல பாட்டா என்பது வேறு கேள்வி. அதற்கு முன்னால் வருவது தெரிய வேண்டும், பின்னால் வருவதும் தெரிய வேண்டும்.

சமீபத்தில் கேட்ட ஒரு ஆல்பத்தின் ஐந்தாவது டிராக்கைச் சொல்கிறேன். பிரிவ்யூவில் கோரஸ், அதாவது பல்லவிபோலத் திரும்பத் திரும்ப வரும் பகுதி, மட்டும் வந்தது. நாலு ஸ்வரத்தில் ஏறி இறங்கும் சாதாரண டியூன். "இதை ஆயிரம் பாட்டில் கேட்டாச்சு" என்று ஒரு நண்பர் எழுதினார். அவர் சொன்னதில் தப்பில்லை, கேட்டிருக்கிறோம்தான். ஆனால் முழுப் பாட்டில் அந்தக் கோரஸ் வருவதற்கு முன்னால் ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஓடுகிறது. அந்த இரண்டு நிமிடமும் மாறி மாறி இரண்டே கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்). இரண்டுமே ஸட்ஜத்தில், அதாவது பாட்டின் ஆதார ஸ்வரமான 'ஸ'வில், வந்து உட்காராதவை. பேஸ் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கிறது. கிக் டிரம் கிடையாது, ஏதோ ஒரு ஷேக்கர் மட்டும். பாடுகிறவர் கீழ் ஸ்தாயியைவிட்டு வெளியே வருவதே இல்லை. 'எப்போதுதான் இறங்கப் போகிறார்கள்' என்று கேட்கிறவருக்கே ஒரு தவிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் ஒரு தாளக்கட்டு முழுக்க வெறும் நிசப்தம். அதற்குப் பிறகு பேஸ் முதல்முறையாக ஸட்ஜத்தில் இறங்குகிறது, கிக் டிரம் சேர்கிறது, அதன் மேல் அந்தச் சாதாரண டியூன் வருகிறது. அது சாதாரணமாக இருப்பதுதான் அங்கே சரி. அவ்வளவு நேரம் இழுத்துப் பிடித்த பிறகு சிக்கலான டியூன் ஒன்று வந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். பிரிவ்யூ எடுத்தவர் கோரஸை எடுத்துக்கொண்டார், அதற்கு அர்த்தம் கொடுத்த இரண்டு நிமிடத்தை விட்டுவிட்டார்.

இன்னும் பெரிய உதாரணம் வேண்டுமென்றால் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் 'பொலேரோ' என்ற ஆர்கெஸ்ட்ரா இசை. 1928-இல் அரங்கேறியது, கால் மணி நேரத்தை ஒட்டி ஓடும். முதலிலிருந்து கடைசிவரை ஒரு டிரம் ஒரே தாளத்தை விடாமல் அடிக்கிறது. இரண்டு மெட்டுகள்தான், மாறி மாறி வருகின்றன. மாறுவது வாத்தியங்களும் சத்தமும் மட்டுமே. கடைசிக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு இடத்தில் சுருதி திடீரென்று வேறு பக்கம் தாவும். இதற்கு எந்த முப்பது விநாடியைப் பிரிவ்யூவாக வெட்டுவீர்கள்? தொடக்கத்தை வெட்டினால் காதுக்கு எட்டாத டிரம்மும் ஒரு புல்லாங்குழலும். கடைசியை வெட்டினால் ஒரே கூச்சல். நடுவில் வெட்டினால் யாரோ ஏதோ ஒரு மெட்டை வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். மூன்றுக்கும் மார்க் குறைவாகத்தான் விழும்.

துண்டு எப்படித் தேர்வாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்ட்ரீமிங் தளங்களுக்குப் பாட்டைக் கொண்டுசேர்க்கும் விநியோக நிறுவனங்களில், பிரிவ்யூ எந்த விநாடியில் தொடங்க வேண்டும் என்று பாட்டு போட்டவரே குறித்துக் கொடுக்க வசதி உண்டு. குறிக்காமல் விட்டால் தளம் தன் இஷ்டத்துக்கு ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளும். கோரஸ் எங்கே வருகிறது என்று கணினியே கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியும் பழசுதான். ஜப்பானிய ஆய்வாளர் மசாதாகா கோட்டோ 2003 வாக்கிலேயே, ஒரு பட்டனைத் தட்டினால் நேராகக் கோரஸுக்குத் தாவும் ஒரு கேட்புக் கருவியைச் செய்து காட்டினார். கடையில் நின்றபடி வேகமாகப் பாட்டு கேட்டுப் பார்ப்பவர்களுக்காக யோசித்த வேலை அது. நல்ல மூளைதான். ஆனால் பன்னிரண்டு பாட்டின் கோரஸை மட்டும் வரிசையாகக் கேட்டால் பன்னிரண்டு உச்சம்தான் கிடைக்கும், ஏற்றம் ஒன்றுகூடக் கிடைக்காது. ஆலாபனையோடு தொடங்கும் டிராக்குக்கு இதற்கு நேர்மாறான கொடுமை: முதல் முப்பது விநாடியைக் கொடுத்துவிடுவார்கள். தம்புராவும் ஒரே ஒரு 'ஆ'வும்.

அப்புறம், வரிசையாகக் கேட்பது என்ற பிரச்சினை. ஒரு பாட்டின் சுருதியும் வேகமும் காதில் படிவதற்குள் அடுத்த துண்டு வேறு சுருதியில், வேறு வேகத்தில் வந்து மோதுகிறது. ஆல்பத்தை மாஸ்டரிங் செய்கிறவர், அதாவது வெளியீட்டுக்கு முன் கடைசியாக ஒலியைச் சீர்செய்கிறவர், ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் மௌனம் விடுவது என்று தனியாக உட்கார்ந்து யோசித்திருப்பார். துக்கமான பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கூடுதலாக விடுவார், சில இடத்தில் மூச்சுவிட நேரம் தராமல் ஒட்டவைப்பார். அந்த வேலை மொத்தமும் பிரிவ்யூ வரிசையில் காணாமல் போகிறது. சத்தமான துண்டுக்குப் பக்கத்தில் மென்மையான துண்டு வந்தால், மென்மையானது ஏதோ அரைகுறையாகச் செய்ததுபோலத் தெரியும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஒலி ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து சொன்ன விஷயம் இது: சத்தம் குறைந்தால் காதுக்கு எல்லா அலைவரிசையும் ஒரே அளவில் குறைவதில்லை, அடி ஒலிகள் அதிகமாக மங்கிப்போகும். அதனால் சத்தம் கூட இருப்பது நிறைவாகவும், குறைவாக இருப்பது மெலிந்தும் கேட்கும். போன் ஸ்பீக்கரில் கேட்கிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த அடி அதிர்வை வெளியே தள்ள அந்தக் குட்டி ஸ்பீக்கரால் ஆகாது. பேஸை நம்பிக் கட்டிய பாட்டுக்குப் போனில் பிரிவ்யூ கேட்டு 'வெறுமையா இருக்கு' என்று எழுதினால் என்ன சொல்வது?

இத்தனைக்கும் பிறகு மார்க் வாங்குவது எந்த மாதிரி ஆல்பம் என்று பாருங்கள். எந்த இடத்தில் வெட்டினாலும் ஒரே மாதிரி இருக்கும் ஆல்பம். முதல் விநாடியிலிருந்தே எல்லா வாத்தியமும் இறங்கிவிட வேண்டும், காதில் ஒட்டிக்கொள்ளும் ஹூக் வரி நாலு வரிக்குள் வந்துவிட வேண்டும், எங்கேயும் தாழக் கூடாது. இசையமைப்பாளர்களும் மனிதர்கள்தானே, எதற்கு மார்க் விழுகிறதோ அதைச் செய்வார்கள். அமெரிக்காவில் 1986 முதல் 2015 வரை டாப் 10-இல் வந்த பாட்டுகளை ஆராய்ந்தார் ஊபர் லெவெயே கோவான் என்ற ஆய்வாளர். குரல் வருவதற்கு முன் வரும் முன்னிசை எண்பதுகளில் சராசரியாக 20 விநாடிக்கு மேல் இருந்தது, கடைசியில் 5 விநாடி அளவுக்குச் சுருங்கிவிட்டதாம். பிரிவ்யூதான் இதற்குக் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 விநாடி கேட்டால்தான் அது ஒரு ப்ளே என்று கணக்கில் ஏறும். அதற்குள் கேட்பவர் ஓடிவிடக் கூடாது என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் முன்னிசையில் நிதானமாக ஒரு சூழலைக் கட்டுகிறவருக்கு இது கஷ்ட காலம்.

இங்கே ஒருவர் குறுக்கே வந்து, "பழைய 78 ஆர்பிஎம் கிராமஃபோன் தட்டில் மூணு நிமிஷம்தானே, அதில் பெரிய பெரிய வித்வான்கள் பாடவில்லையா?" என்பார். பாடினார்கள், அற்புதமாகவே பாடினார்கள். மூன்று நிமிடம்தான் என்று தெரிந்து, அதற்குள் தொடங்கி, விரித்து, முடித்தார்கள். நீளம் குறைவு என்பது என் குறையே இல்லை. முப்பது விநாடிக்கென்றே ஒருவர் இசை அமைத்தால் அதற்கு மார்க் போடுங்கள், நானும் சேர்ந்து போடுகிறேன்.

இதுவரை பிடிக்கவில்லை என்று தள்ளுவதைப் பற்றியே பேசிவிட்டேன். பிடித்துப்போவதுதான் எனக்கு இன்னும் சந்தேகமான விஷயம். ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலோ கேட்டாலோ போதும், அதன் மேல் பிரியம் கூடும் என்று உளவியலாளர் ராபர்ட் ஜயன்ஸ் 1968-இல் எழுதினார். ஸ்லோ பாய்சன் பாட்டுகளுக்குக் கிட்டத்தட்ட அதுதான் விளக்கம். முதல் தடவை ஒன்றுமே தோன்றாது, கேட்கக் கேட்கத்தான் உள்ளே இறங்கும். இப்போது அந்த மருந்தை முழுப் பாட்டுக்குக் கொடுக்காமல் பதினைந்து விநாடி டீஸருக்குக் கொடுக்கிறார்கள். ரிலீஸுக்கு முன்னால் அந்தப் பதினைந்து விநாடியை ரீல்ஸிலும் ஸ்டேட்டஸிலும் மாற்றி மாற்றிக் கேட்டு நமக்கு அதன் மேல் ஆசை வந்துவிடுகிறது. முழுப் பாட்டு வந்ததும் என்ன செய்கிறோம்? அந்த இடம் எப்போது வரும் என்று காத்திருக்கிறோம். சரணமும் இடையிசையும் அதற்கு நடுவில் நிற்கும் இடைஞ்சலாகிவிடுகின்றன. "ஹூக் செம, மத்தபடி பாட்டு லேக்" என்று விமர்சனம் வருகிறது. அந்த லேக் பாட்டில் இருந்ததா, ஒரு துண்டை மட்டும் முன்கூட்டியே தேய்த்ததில் வந்ததா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

ஆப்பிளின் இணையப் பாட்டுக் கடையான ஐட்யூன்ஸ் ஸ்டோர் 2003-இல் தொடங்கியபோது பிரிவ்யூ 30 விநாடி. 2010-இல் இரண்டரை நிமிடத்துக்கு மேற்பட்ட பாட்டுகளுக்கு அதை 90 விநாடியாக ஆக்கினார்கள். 90 விநாடியில் ஒரு சரணமும் அதிலிருந்து கோரஸுக்குப் போகும் பாதையும் பெரும்பாலும் அடங்கிவிடும். அது ஓரளவு நியாயமான அளவு. இப்போது டீஸர் என்ற பெயரில் பதினைந்துக்கு வந்து நிற்கிறோம்.

ஆல்பம் வெளியிடுகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. பன்னிரண்டு துண்டு வேண்டாம், ஒரு பாட்டை முழுதாகக் கொடுங்கள். அதுவும் ஹிட்டாகும் என்று நீங்கள் நினைக்கும் முதல் பாட்டு வேண்டாம், நடுவில் ஏழாவதோ எட்டாவதோ வருகிற, விளம்பரத்தில் யாரும் பேசாத பாட்டு. அதைக் கேட்டால் மிச்சத்துக்கு எவ்வளவு உழைத்திருப்பீர்கள் என்று தெரிந்துவிடும்.

பிரிவ்யூ கேட்டு எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். குரல் எப்படி, மிக்ஸிங் எப்படி, எந்தப் பாட்டை முதலில் கேட்கத் தோன்றுகிறது என்று எழுதினால் எனக்கும் உபயோகம். பத்துக்கு இவ்வளவு என்ற எண்ணை மட்டும் ரிலீஸ் வரை கையில் வைத்திருங்கள். அப்படியும் போட்டே தீருவேன் என்றால், 'துண்டு மட்டும் கேட்டது' என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், ஸ்க்ரோல் பண்ணுகிறவர்களுக்கு வசதியாக இருக்கும்.