நூலக வரி 84 ரூபாய்

போன வாரம் ஊரிலிருந்து தம்பி ஒரு படம் அனுப்பியிருந்தான். அப்பா விட்டுப்போன வீட்டுக்கு அரையாண்டுச் சொத்துவரி கட்டிய ரசீது. "அக்கா, உன் பங்கை அனுப்பிவிடு" என்று கீழே ஒரு குறிப்பு. தம்பியின் கணக்கில் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது: நூலக வரி, 84 ரூபாய். இங்கே சிங்கப்பூரில் காப்பிக்கடையில் ஒரு கோப்பி குடிக்கிற காசு.

சென்னை மாகாணத்தில் 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்தது. சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் பல ஆண்டுகள் விடாமல் வலியுறுத்தியதன் பலன் அது. விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டமும் அதுதான். சொத்துவரியோடு சேர்த்து நூலகத்துக்கென்று ஒரு பங்கை உள்ளாட்சிகள் வசூலித்துக் கொடுக்க வேண்டும். இன்று அது ரூபாய்க்கு 10 காசு.

"அந்தப் பணத்தில் நடக்கிற நூலகம் எப்படி இருக்கிறது?" என்று தம்பியிடம் கேட்டேன். தினமும் அதன் வாசல் வழியாகத்தான் அவன் வேலைக்குப் போகிறான், உள்ளே போய் 20 ஆண்டுகள் ஆகின்றனவாம். எனக்காக ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். நாளிதழ் மேசையில் நான்கு பெரியவர்கள். இரண்டு மின்விசிறிகளில் ஒன்று ஓடுகிறது. கூரை ஒழுகுகிற இடத்துக்குக் கீழே ஒரு நீல வாளி. நான் பத்தாம் வகுப்பில் எடுத்துப் படித்த ருஷ்ய மொழிபெயர்ப்பு, முதுகில் ஒட்டிய பழுப்புத் தாளோடு, அதே அலமாரியில் இருக்கிறது. வரியை வசூலித்த நகராட்சி நூலகத்துக்குச் சேர வேண்டியதை ஒழுங்காகக் கட்டுவதில்லை என்று நூலகர் குறைப்பட்டுக்கொண்டாராம். நம் ஊர்ப்பக்கம் நூலகர்களிடம் பேச்சுக் கொடுத்தவர்களுக்கு இந்தப் பாட்டு புதிதில்லை.

இருந்தும் அந்த ரசீதின் மீது எனக்குப் பொறாமை. வரி கட்டியவன் கையில் எழுத்தில் ஒரு சான்று இருக்கிறது. நீட்டி, "என் 84 ரூபாய் எங்கே?" என்று கேட்கலாம். தம்பி கேட்க மாட்டான், அது வேறு விஷயம்.

சிங்கப்பூரில் அப்படி நீட்ட ரசீது இல்லை, உள்ளாட்சியும் இல்லை. ஒரு காலத்தில் நகரசபை இருந்தது, 1957-இல் தேர்தல்கூட நடந்தது, 1959-க்குப் பிறகு அதன் வேலைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. இன்று நகர மன்றம் பார்ப்பது அடுக்குமாடி வீடுகளின் மின்தூக்கியையும் தாழ்வாரத்து விளக்கையும். நூலகங்கள் 1995-இல் அமைந்த தேசிய நூலக வாரியத்தின் பொறுப்பு, பணம் நாட்டின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருகிறது. இதில் பெரிய நன்மை உண்டு. ஓரறை வீடுகள் நிறைந்த பேட்டையின் நூலகமும் பங்களாக்கள் நிறைந்த வட்டாரத்தின் நூலகமும் ஒரே பெட்டியிலிருந்துதான் செலவு செய்கின்றன. பிரிட்டனில் இந்தச் செலவு உள்ளூர் மன்றங்களின் தலையில் இருக்கிறது. 2010-க்குப் பிறகு அவற்றுக்குக் கை வறண்டபோது, நூற்றுக்கணக்கான நூலகங்கள் மூடப்பட்டன அல்லது தொண்டூழியர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அந்த நிலை இங்கே வரவேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பிறகு நான் எதற்காக எழுதுகிறேன்? "இனி எல்லாம் கைப்பேசியில் இருக்கிறது, நூலகத்துக்கு எதற்கு இவ்வளவு பணம், வேண்டியவர்கள் நன்கொடை தரட்டும்" என்ற பேச்சு நம்மவர்களிடமே இப்போது காதில் விழுகிறது. நம்மவர்கள் சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. இத்தனை பேரை நம்பி எந்த வியாபாரி அலமாரி அலமாரியாகப் புத்தகம் அடுக்கிவைப்பான்? இங்கே தமிழ்ப் புத்தகக் கடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அங் மோ கியோ நூலகத்தில் தமிழுக்கு அவ்வளவு இடம் கிடைப்பது பொதுப்பணத்தால்தான்.

நன்கொடை கேவலம் என்று நான் சொல்லவில்லை. நம் தேசிய நூலகமே ஒரு நன்கொடையில் தொடங்கியதுதான். அதற்கு முன்பிருந்த ராஃபிள்ஸ் நூலகத்தில் பெரும்பாலும் ஆங்கில நூல்கள், இரவல் வாங்கச் சந்தா கட்ட வேண்டும். 1953-இல் ரப்பர் வணிகர் லீ கோங் சியான் 375,000 வெள்ளி தருவதாகச் சொன்னார், நிபந்தனையோடு. நூலகம் இலவசமாக இருக்க வேண்டும், உள்ளூர் மொழிகளின் நூல்களும் அங்கே இருக்க வேண்டும். ஸ்டாம்ஃபோர்டு சாலையின் அந்தச் செங்கல் கட்டடம் 1960 நவம்பரில் திறக்கப்பட்டது. ஒரு சீன வணிகர் விதித்த நிபந்தனை, தமிழ் அலமாரிக்கும் கதவைத் திறந்துவிட்டது. திருமணமாகி இங்கே வந்த புதிதில் ஊர் நினைப்பு வந்தால் நான் அங்கேதான் போய் உட்கார்ந்திருப்பேன். சுரங்கச் சாலைக்காக 2004-இல் அதை மூடி இடித்தார்கள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது இன்றும் தலை தானாகத் திரும்புகிறது.

ஆனால் லீ கோங் சியான் கொடுத்தது ஒருமுறை. அன்றுமுதல் இன்றுவரை நூலகருக்குச் சம்பளம், புதுப் புத்தகம், மின்கட்டணம் எல்லாம் பொதுப்பணம். எல்லா நன்கொடையாளர்களும் எல்லா மொழிகளையும் நினைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சைனாடவுனில் 2013-இல் ஒரு கோயிலின் ஆதரவில் திறக்கப்பட்ட நூலகத்தின் கருப்பொருள் சீனக் கலையும் பண்பாடும். கொடுப்பவர் தமக்குப் பிடித்ததற்குக் கொடுக்கிறார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2.5 விழுக்காட்டினர் கொடையாளரை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

கைப்பேசி வாதத்துக்கு ஒரே பதில்தான். மின்னூலுக்கும் பணம் கட்ட வேண்டும், பல மின்னூல்களின் உரிமம் காலாவதியானால் மறுபடியும் கட்ட வேண்டும்.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். எங்கள் வட்டார நூலகத்தில், ஞாயிறு மதியம், தமிழ் அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு ஒரு தம்பி படித்துக்கொண்டிருந்தார். கட்டுமான வேலை, அறந்தாங்கிப் பக்கம். இரண்டு பாக நாவலில் முதல் பாகம், பாதிக்கு மேல் வந்துவிட்டார். இரண்டு ஞாயிறாக வந்து படிக்கிறாராம். யாராவது எடுத்துப் போய்விடுவார்களோ என்று போன முறை சமையல் நூல்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுப் போனதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். "வீட்டுக்கு எடுத்துப் போகலாமே" என்றேன். "நமக்கு ஆண்டுக்கட்டணம் இருக்கிறது அக்கா" என்றார்.

உண்மைதான். உள்ளே வந்து படிக்க யாருக்கும் காசு வேண்டாம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உறுப்பியம் இலவசம். வேலை அனுமதியில் இருப்பவர் இரவல் வாங்கக் கட்டணம் கட்ட வேண்டும். இந்தக் கட்டடங்களில் பலவற்றைக் கட்டியவர்கள் யார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் கோரிக்கை இங்கேதான் இருக்கிறது. உள்ளாட்சிக்கு மிக அருகில் நம்மிடம் இருப்பவை ஐந்து சமூக மேம்பாட்டு மன்றங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர் உண்டு. நூலக வாரியத்தின் பணத்தில் கைவைக்காமல், அதற்கு மேல், ஒவ்வொரு மன்றமும் தன் கணக்கில் "நூலகம்" என்று தனியாக ஒரு வரி எழுதட்டும். தன் வட்டாரத்து வெளிநாட்டு ஊழியர்களின் உறுப்பியக் கட்டணத்தை அதிலிருந்து கட்டலாம். மிச்சத்தில், அந்த வட்டாரத்து வாசகர்கள் கேட்கும் நான்கு அதிகாரத்துவ மொழி நூல்களை வாங்கலாம். வீடுகளுக்குக் கடையில் செலவழிக்கப் பற்றுச்சீட்டு வழங்கத் தெரிந்த மன்றங்களுக்கு இது தெரியாத கணக்கில்லை. வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பு ஒவ்வோர் ஆண்டும் மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். இந்த முறை நான் இதை எழுதி அனுப்பப் போகிறேன். நீங்களும் அனுப்பினால் தமிழ் வாசகர்கள் என்று சிலர் இருப்பதாவது அங்கே தெரியும்.

அன்று அந்த நாவலை என் அட்டையில் எடுத்துக் கொடுத்தேன். 21 நாள் தவணை. மூன்று நாள் தாமதமாகத்தான் கொண்டுவந்தார், இரவு வேலையாம். ஒரு நாளைக்கு 15 காசு அபராதம் என்று எங்கோ கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டு 20 காசும் ஒரு 5 காசும் தாளில் மடித்து நீட்டினார். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார் போலிருந்தது, வாங்கிக்கொண்டேன். இரண்டாம் பாகம் எங்கள் நூலகத்தில் இல்லை. பிடோக் நூலகத்தில் ஒரு பிரதி இருப்பதாகச் செயலி காட்டுகிறது, வெள்ளிக்கிழமை வேலை முடிந்து போகிறேன்.