சாவி கொடுத்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது

தெருவில் வருஷக்கணக்கில் கிடந்தவருக்கு வீடு கொடுத்தால் ஆறே மாதத்தில் அதைக் கெடுத்துக்கொண்டு திரும்பத் தெருவுக்கே போய்விடுவார், அரசாங்கப் பணம் வீண் என்று போன வாரம் ஒரு நண்பர் சொன்னார். நல்ல மனிதர்தான். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். வீடு கிடைத்தவர் அதை இழந்துவிடாமல் கூடவே இருந்து உதவும் கேஸ் மேனேஜர் நான். என் வேலையே அந்த ஆறு மாதமும் அதற்கு அப்புறமும்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். வேலை போய் இரண்டு மாதம் காரில் தூங்கியவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். அமெரிக்க மத்திய அரசின் வீட்டுவசதித் துறை விதிப்படி உடலிலோ மனதிலோ ஊனமோ தீராத நோயோ போதைப் பழக்கமோ இருந்து, அதோடு தொடர்ந்து 12 மாதம், அல்லது மூன்று வருடத்துக்குள் நான்கு முறையாவது விட்டுவிட்டு மொத்தம் 12 மாதம், தெருவிலோ ஷெல்டரிலோ (வீடற்றோர் தங்குமிடம்) கழித்திருந்தால்தான் 'நீண்டகால வீடற்றவர்'. 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கில் வீடில்லாதவர்கள் 7 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல், அதில் இந்த வகையினர் சுமார் ஒன்றரை லட்சம். தெருவில் இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்பது தனிக் கொடுமை. பாலத்துக்கு அடியில் படுத்ததற்கு ரசீதா கொடுப்பார்கள்? ஷெல்டர் பதிவேடு, ரோந்து போகும் குழுவின் குறிப்பு என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கிறோம்.

"முதலில் குடியை நிறுத்தட்டும், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடட்டும், அப்புறம் வீடு தரலாம்" என்பது பழைய வழி. 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கிய அமைப்பு இதைத் திருப்பிப் போட்டது: முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு. கனடா இதை ஐந்து நகரங்களில் சுமார் 2,000 பேரை வைத்து 2009 முதல் 2013 வரை சோதித்துப் பார்த்தது. ஆய்வின் கடைசி ஆறு மாதத்தில் முழுக்க முழுக்க வீட்டிலேயே இருந்தவர்கள், 'முதலில் வீடு' கிடைத்தவர்களில் 62 சதவீதம், வழக்கமான உதவிகள் மட்டும் கிடைத்தவர்களில் 31 சதவீதம். சரியாக இரண்டு மடங்கு. ஆனால் அங்கே வீட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. அதிக உதவி தேவைப்பட்டவர்களுக்குப் பத்துப் பேருக்கு ஒரு பணியாளர், மற்றவர்களுக்குப் பதினாறு பேருக்கு ஒருவர் என்று கூடவே இருந்தார்கள். இந்தப் பாதியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், ஆதரிக்கிறவர்களும் சேர்த்து.

புது வீட்டுக்குள் போனவர் முதல் இரவு நிம்மதியாகத் தூங்குவார் என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நான் பார்த்தவர்களில் பலர் கட்டிலைத் தொடவே இல்லை. ஒருவர் வாசல் கதவுக்குப் பக்கத்தில் தரையில், ஷூவைக் கழற்றாமல், பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டிருந்தார். தெருவில் ஷூவைக் கழற்றினால் காலையில் இருக்காது. சுற்றிலும் சத்தம் இருந்தால்தான் தூக்கம் வருகிறது என்று இரவு முழுக்க டிவியை அலறவிட்டார், மேல் மாடிக்காரர் புகார் கொடுத்தார், எழுத்துப்பூர்வமாக எச்சரிக்கை வந்தது. இதைப் பார்த்து 'இவருக்கு வீட்டில் இருக்கத் தெரியவில்லை' என்று ஃபைலில் எழுதுவது சுலபம். நாங்கள் செய்தது ஒரு ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்தது, பிறகு அந்த மேல் மாடிக்காரரிடம் போய்ப் பேசியது, அவ்வளவுதான்.

குடியாலும் போதையாலும்தான் வீடு போகிறது என்பார்கள். என் அனுபவத்தில் அதைவிட அதிகமாக வீட்டைக் காவு வாங்குவது விருந்தாளிகள். கடுங்குளிரில் தன் போர்வையில் பாதியைக் கொடுத்த நண்பன் வந்து கதவைத் தட்டுகிறான், வெளியில் பனி கொட்டுகிறது, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? உள்ளே விடுவீர்கள். அடுத்த நாள் அவன் இன்னொருவனைக் கூட்டி வருவான். ஒரு மாதத்தில் லீஸ் (வாடகை ஒப்பந்தம்) எடுத்தவர் சொந்த வீட்டில் மூலையில் ஒடுங்கிக் கிடப்பார், கட்டிலில் வேறு யாரோ. லீஸில் பெயர் இல்லாதவர் இத்தனை நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்ற விதியை மீறியது அவர்தான் என்று நோட்டீஸ் அவர் பெயருக்குத்தான் வரும். நட்பை முறித்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, அந்த நண்பர்கள் இல்லாமல் அவர் உயிரோடு இருந்திருக்கவே மாட்டார். அதனால் பழியை என்மேல் போடச் சொல்கிறேன். "என் கேஸ் மேனேஜர் எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்பாள், பார்த்தால் என் வீடு போய்விடும், கோபித்துக்கொள்ளாதே" என்று சொல்லட்டும். நண்பனுக்கு முன்னால் அவர் கெட்டவராக வேண்டியதில்லை. அந்த நண்பனும் வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் பதிவு செய்திருக்கிறானா என்று அடுத்த நாளே விசாரிப்பேன்.

இன்னொரு எதிரி கடிதம். வவுச்சர், அதாவது வாடகையில் ஒரு பங்கை அரசு கட்டும் உதவிச் சீட்டு, வைத்திருப்பவர் வருமானம், குடும்ப விவரம் எல்லாவற்றையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபடி நிரூபிக்க வேண்டும். பல வருடம் முகவரியே இல்லாதவருக்குத் தபாலைப் பிரிக்கும் பழக்கம் எங்கிருந்து வரும்? அரசு முத்திரை போட்ட உறையைப் பார்த்தாலே கை நடுங்கும், ஏனென்றால் அவர் வாழ்க்கையில் அப்படி வந்த எந்தக் கடிதமும் நல்ல செய்தி கொண்டுவந்ததில்லை. ஃப்ரிட்ஜ் மேல் பிரிக்காத உறைகள் குவிந்திருந்தால் அது சோம்பேறித்தனம் இல்லை, பயம். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிப்போம். குப்பை விளம்பரம் வந்தால் அவரே கிழித்துப் போடுவார், அதில் ஒரு சந்தோஷம் அவருக்கு.

பணம் எப்படி என்று கேட்பீர்கள். உழைக்க முடியாதவருக்கான மத்திய உதவித்தொகை 2025-ல் தனிநபருக்கு மாதம் அதிகபட்சம் 967 டாலர். அதில் சுமார் 30 சதவீதம் அவர் பங்கு வாடகை, மீதி வாடகையை வவுச்சர் கொடுக்கும். ஆனால் ஏதோ பழைய அபராத வழக்கில் ஒரு முழு மாதம் சிறைக்குள் இருந்துவிட்டால் உதவித்தொகை நிற்கும், வெளியே வந்து அலைந்து மறுபடி வாங்குவதற்குள் வாடகை பாக்கி ஏறியிருக்கும். 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம், வெட்டவெளியில் படுத்தவர்களை நகரங்கள் தண்டிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னதிலிருந்து எனக்கு இந்தக் கவலை கூடியிருக்கிறது. 2025 ஜூலையில் வந்த அதிபர் ஆணை 'முதலில் வீடு' முறைக்கான மத்திய ஆதரவையே நிறுத்தச் சொல்கிறது. பலன் கொடுத்த முறையைக் கைவிட்டு, பலன் கொடுக்காத பழைய நிபந்தனைகளுக்குத் திரும்புவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அதே சமயம், ஒரு கேஸ் மேனேஜர் தலையில் நாற்பது ஐம்பது பேரைக் கட்டிவிட்டு 'முதலில் வீடு' தோற்றுவிட்டது என்று சொல்வதும் அநியாயம். இத்தனை பேர் இருந்தால் நோட்டீஸ் வந்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். என் பொறுப்பில் ஆள் குறைவாக இருந்தால் நோட்டீஸ் எழுதும் முன்பே வீட்டு உரிமையாளர் எனக்கு போன் செய்வார், ஏனென்றால் கூப்பிட்டால் எடுப்பேன் என்று அவருக்குத் தெரியும். ஒருமுறை வெளியேற்ற வழக்கு பதிவாகிவிட்டால் அடுத்த வீடு கிடைப்பது மிகக் கஷ்டம். அதனால் நிர்வாகங்களிடம் நான் கேட்பது, எத்தனை பேருக்குச் சாவி கொடுத்தோம் என்று அறிக்கையில் பெருமையாகப் போடுவதோடு இரண்டு வருடம் கழித்து எத்தனை பேர் அதே வீட்டில் இருக்கிறார்கள் என்பதையும் போடுங்கள், அதை வைத்துப் பணியாளர் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

இங்கே வாடகைக்கு வீடு வைத்திருக்கும் தமிழர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். வவுச்சர் என்றதும் விளம்பரத்தில் 'வேண்டாம்' என்று போடாதீர்கள், பல மாநிலங்களில் அது சட்டவிரோதமும் கூட. வவுச்சர் பங்கு வாடகை வீட்டுவசதி அமைப்பிடமிருந்து நேராக உங்களுக்கு வரும், வீட்டைச் சோதிக்க ஆள் வருவார், அதற்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். குடிவருகிறவருக்குக் கேஸ் மேனேஜர் இருக்கிறாரா, அவருக்கு எத்தனை கேஸ் என்று கேளுங்கள், நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் உள்பெட்டிக்கு வாருங்கள், படிவத்தை நானே உங்களோடு உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.