கட்டடத்துக்கு இல்லாத காசு

போன ஞாயிறு தம்பி மகன் வீட்டுக்கு வந்திருந்தான். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். "பெரியப்பா, பட்ஜெட்டைத்தான் பிப்ரவரியிலேயே போட்டுடறாங்களே, நடுவுல புதுசா ஒரு கட்டடத்துக்கோ ரோட்டுக்கோ பணம் வேணும்னா மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தா போதாதா?" என்றான். போதாது என்றேன். ஏன் என்று சொல்லி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அவனிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்ட என் ஆதங்கத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். ஒரு வருடம் எங்கள் வளாகத்தில் ஆய்வுக்கூடக் கட்டடம் ஒன்று முதல் தளத்தோடு நின்றுபோனது. கட்டடத்துக்கான ஹெட்டில், அதாவது கணக்குத் தலைப்பில், காசு தீர்ந்துவிட்டது. ஆனால் சம்பள ஹெட்டில் நிறைய மிச்சம் இருந்தது. காலியிடங்களை நிரப்பவில்லை, அதனால் மிஞ்சிய பணம். ஒப்பந்ததாரர் ஒருநாள் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "சார், காசு இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு நான் டெல்லிக்குக் காத்திருக்கணும்?" அவரிடம் வேலை பார்த்த கொத்தனார்கள் ஏற்கெனவே ஊருக்குத் திரும்பிப் போயிருந்தார்கள். எனக்குப் பதில் தெரியும். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

பதில் இதுதான். நாடாளுமன்றம் ஓர் அமைச்சகத்துக்குத் தரும் மானியம், அதாவது செலவுக்கான ஒதுக்கீடு, ஒரே மூட்டையாக வருவதில்லை. சம்பளம் போன்ற வருவாய்ச் செலவு தனி, கட்டடம் போன்ற மூலதனச் செலவு தனி. அந்த இரண்டிலும் அவையின் ஓட்டுக்கு விடுவது தனி, ஓட்டுக்கு விடாமலே தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது அரசின் பொதுக் கஜானாவிலிருந்து, கொடுத்தாக வேண்டியது தனி. ஆக நான்கு அறைகள். ஒரே அறைக்குள் ஒரு ஹெட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்ற, சில வரம்புகளுக்கு உட்பட்டு, அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. ரீ-அப்ராப்ரியேஷன் என்போம். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்ற அமைச்சருக்கே அதிகாரம் கிடையாது. அவைக்குத்தான் போக வேண்டும்.

இந்தப் பூட்டை நான் குறை சொல்லவே மாட்டேன். இது இல்லாவிட்டால் பாலத்துக்கு ஒதுக்கிய பணம் விளம்பரத்துக்கும் பயணப்படிக்கும் போய்விடும், யாருக்கும் தெரியாது. மக்கள் பணத்தை மக்கள் பிரதிநிதிகள் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதற்காக எத்தனையோ தலைமுறை போராடியிருக்கிறது. எனக்கு இருக்கும் வருத்தம் பூட்டின் மேல் இல்லை, அதைத் திறக்கும் விதத்தின் மேல்.

அரசியலமைப்பின் 115வது பிரிவு வழி சொல்கிறது. ஒதுக்கிய தொகை போதவில்லை என்றாலோ, பட்ஜெட்டில் நினைத்தே பார்க்காத புதுச் செலவு வந்தாலோ, அரசு துணை மானியக் கோரிக்கையை அவையில் வைக்க வேண்டும். அலுவலகப் பேச்சில் சப்ளிமென்டரி. இதில் மூன்று வகை. உண்மையிலேயே கூடுதல் பணம் கேட்பது ஒன்று. எங்கள் ஆய்வுக்கூடம் மாதிரி, ஓர் அறையின் மிச்சத்தை இன்னோர் அறைக்குக் கேட்பது இன்னொன்று. மூன்றாவது டோக்கன்: அதே அறையிலேயே பணம் இருக்கும், ஆனால் வேலை புதிது, அவைக்குத் தெரியாமல் தொடங்கக் கூடாது, ஆகவே அடையாளமாக 1 லட்சம் ரூபாய் கேட்பார்கள். ஆயிரக்கணக்கான கோடி புழங்கும் புத்தகத்தில் 1 லட்சம் என்று ஒரு வரி இருந்தால் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பெரிய திட்டம் ஒன்றின் பிள்ளையார் சுழியாக அது இருக்கலாம்.

அலுவலகத்திலிருந்து போகும் முன்மொழிவு, அமைச்சகத்தின் நிதி ஆலோசகர், நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் பிரிவு, அமைச்சரவை, குடியரசுத் தலைவரின் பரிந்துரை எல்லாம் கடந்து மக்களவைக்கு வரும். அங்கே கோரிக்கை நிறைவேறினாலும் பணம் வராது. நிதி ஒதுக்கீட்டு மசோதா தனியாக நிறைவேற வேண்டும். அது பண மசோதா என்பதால் மாநிலங்களவை தடுக்க முடியாது, 14 நாளுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும்.

தம்பி மகன் கேட்ட மந்திரிசபைக் கேள்விக்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு, 63,246 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு, மத்திய அமைச்சரவை 2024 அக்டோபர் 3ஆம் தேதி ஒப்புதல் கொடுத்தது. பட்ஜெட் முடிந்து மாதங்கள் ஆன பிறகு. அது திட்டத்துக்கான ஒப்புதல். தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாய் வெளியே வர, ஏதாவது ஒரு மானியத்தில் அவையின் ஒப்புதல் இருந்தாக வேண்டும். தலைப்புச் செய்தியில் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன.

நடுவாண்டு மூலதனச் செலவால் நல்லது நடந்ததே இல்லையா என்றால், நடந்திருக்கிறது. 2020 அக்டோபர் 12. கொரோனாவில் எல்லாம் முடங்கிக் கிடந்த நேரம். சாலை, பாதுகாப்பு, குடிநீர், நகர்ப்புற வளர்ச்சி போன்றவற்றுக்குக் கூடுதலாக 25,000 கோடி என்று நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். மாநிலங்களுக்கு மூலதனச் செலவுக்காக 12,000 கோடி, வட்டியில்லாமல், 50 வருடத்தில் திருப்பிக் கொடுக்கும் கடன் என்றும் சொன்னார். அந்தக் கடன் திட்டம் வளர்ந்து 2024-25 பட்ஜெட்டில் 1.5 லட்சம் கோடியாக நின்றது. பட்ஜெட்டுக்கு நடுவில் பிறந்த யோசனைதான். ஆனால் அந்த வருடம் குளிர்காலக் கூட்டத்தொடரே நடக்கவில்லை. செப்டம்பரில் கூட்டம் முடித்த அவை ஜனவரி கடைசியில்தான் மறுபடி கூடியது. நாட்டின் பெரிய செலவு முடிவு ஒன்று வெளியாகி மூன்று மாதத்துக்கு மேல், அதைப் பற்றிக் கேள்வி கேட்க அவையே இல்லை. அடுத்த வருடம் எதிர்பாராச் செலவு நிதியையும் 500 கோடியிலிருந்து 30,000 கோடியாக உயர்த்தினார்கள். அவை கூடும் வரை காத்திருக்க முடியாத செலவுக்கு முன்பணம் எடுக்கிற பெட்டி அது. வெள்ளம், பூகம்பம் என்றால் அந்தப் பெட்டி அவசியம். எடுத்ததை அவை பின்னால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஆனாலும் பெட்டி 60 மடங்கு பெரிதாகும்போது கேள்வியும் அந்த அளவுக்குப் பெரிதாக வேண்டாமா?

என் மனதை உறுத்திக்கொண்டே இருப்பது 2021 டிசம்பரில் வந்த சப்ளிமென்டரி. மொத்தம் 3.73 லட்சம் கோடி. அதில் 62,000 கோடிக்கு மேல் ஏர் இந்தியாவின் பழைய கடனையும் பாக்கிகளையும் அடைக்க. விமான நிறுவனத்தை டாடா குழுமத்துக்கு விற்றபோது அவர்கள் எடுத்துக்கொள்ளாத கடனெல்லாம் ஓர் அரசு நிறுவனத்தின் தலையில் வந்து விழுந்தது. அந்த நிறுவனத்துக்கு முதலீடாகக் கொடுத்ததால் இது மூலதனச் செலவு. அரசு உத்தரவாதம் கொடுத்த கடன், அடைத்துத்தான் ஆக வேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் விளைவைப் பாருங்கள். 2021-22க்கு மூலதனச் செலவு 5.54 லட்சம் கோடி என்று பட்ஜெட்டில் போட்டிருந்தார்கள். திருத்திய மதிப்பீட்டில் 6.03 லட்சம் கோடி ஆனது. ஏறிவிட்டதே என்று தோன்றும். அதில் ஏர் இந்தியாவுக்கு என்று காட்டியது 51,971 கோடி, டிசம்பரில் கேட்டதைவிடக் குறைவு. அதைக் கழித்தால் 5.51 லட்சம் கோடிதான், பட்ஜெட்டில் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவு. இந்தக் கணக்கை அரசு மறைக்கவில்லை, அடுத்த பட்ஜெட் உரையிலேயே சொன்னார்கள். ஆனால் அவை ஒப்புதல் கொடுத்த நாளில், புதிதாக எழும்பும் பாலமும் பழைய கடனும் "மூலதனம்" என்ற ஒரே சொல்லுக்குள் இருந்தன. பிரித்துப் பார்க்க உறுப்பினர்களுக்கு எத்தனை மணி நேரம் கிடைத்திருக்கும்? முழு பட்ஜெட்டின் கோரிக்கைகளையாவது எம்.பி.க்கள் அடங்கிய நிலைக்குழுக்கள் உட்கார்ந்து ஆராய்கின்றன. சப்ளிமென்டரிக்கு அந்த வழக்கம் இல்லை.

காலமும் ஒரு பெரிய பிரச்சினை. டிசம்பரில் அவை ஒப்புதல் தந்தால் ஜனவரியில்தான் கீழே கடிதம் வரும். மார்ச் 31க்குள் செலவழிக்க வேண்டும். மார்ச் மாதத்தில் மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் செலவு கூடாது என்று நிதி அமைச்சகமே சொல்லும். எழுபது, எண்பது நாளில் டெண்டர் விட்டு, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு எப்படி முடிப்பது? முடியாது. கேட்டு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் மறுபடி கேட்பார்கள். தேவையே இல்லாமல் துணை மானியம் வாங்கினார்கள் என்று தணிக்கை அறிக்கையில் திரும்பத் திரும்ப வரும். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கும் அதுதான் நடந்தது. பணம் ஜனவரி கடைசியில் வந்தது. மூன்றில் ஒரு பங்கைச் செலவழித்தோம், மீதியை நானே சரண்டர் கடிதம் தட்டச்சு செய்து அனுப்பினேன். அந்த ஒப்பந்ததாரர் அதற்குப் பிறகு எங்கள் டெண்டர் எதிலும் கலந்துகொள்ளவில்லை.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. மூலதனச் செலவுக்கான சப்ளிமென்டரியை மழைக்காலக் கூட்டத்தொடரிலேயே கொண்டுவாருங்கள், கட்டுவதற்கு ஏழு மாதமாவது கிடைக்கும். கோரிக்கைப் புத்தகத்தில் புதுச் சொத்து எவ்வளவு, கடன் அடைப்பு எவ்வளவு, மாநிலங்களுக்குக் கடன் எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்து முதல் பக்கத்தில் போடுங்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் நிலைக்குழு ஒரு வாரமாவது பார்க்கட்டும். இந்த மூன்றையும் இரண்டு பக்கக் கடிதமாக எழுதி, எங்கள் தொகுதி எம்.பி.க்குப் பதிவுத் தபாலில் நேற்று அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.