போகியில் எரித்த பதிவுகள்

இந்த ஆண்டு போகிக்கு நான் பழைய பாயை எரிக்கவில்லை. முகநூலைத்தான் எரித்தேன். 2012 முதல் 2016 வரை எழுதியதை ஆண்டுவாரியாக வடிகட்டி, கொத்துக் கொத்தாகத் தேர்ந்தெடுத்துக் குப்பைக்கு அனுப்பினேன். வெளியே மேளச் சத்தம் ஓய்வதற்குள் வேலை முடிந்துவிட்டது.

காரணம் ஒரு டம்ளர் பாயசம். 2014இல் சித்தப்பா மகள் கல்யாணத்தில் இரண்டாம் பந்தியிலேயே பாயசம் தீர்ந்துபோனது. மண்டபத்தில் இருந்தபடியே அதைக் கிண்டலடித்து ஒரு பதிவு போட்டேன். சித்தப்பாவின் சிக்கனத்தைப் பற்றி அதில் ஒரு வரி இருந்தது. இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அத்தை தொலைபேசியில் திட்டியதும் அழித்துவிட்டேன். மொத்தம் இரண்டு மணி நேரம்தான் அது இருந்திருக்கும். அழித்ததோடு மறந்தும் போனேன்.

போன கார்த்திகையில் அந்தத் தங்கையின் புதுமனை புகுவிழா. பந்தியில் சித்தியே வாளியோடு வந்தார். "ஊற்றட்டுமா? இந்த முறை தீராது" என்றார். நான் விழித்தேன். சாப்பிட்டு எழுந்ததும் கைபேசியை நீட்டினார். என் பதிவின் ஸ்கிரீன்ஷாட். மேலே மணி 1.40, பேட்டரி 11 சதவீதம், கீழே 23 விருப்பங்கள். அது சித்தி எடுத்ததுமில்லை. யாரோ எடுத்து, யாரோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, மூன்று கைபேசி மாறி வந்திருக்கிறது. பேட்டரி தீரப்போகும் நேரத்திலும் அதைப் படம்பிடித்து வைக்க ஒருவருக்கு மனம் இருந்திருக்கிறது பாருங்கள்.

"அழித்துவிட்டேனே சித்தி" என்றேன். "உன் வீட்டில் அழித்தாய்" என்றார்.

இதற்குமேல் எந்தத் தொழில்நுட்ப வல்லுநரும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் நான் படித்துப் பார்த்தேன். குப்பைக்குப் போன பதிவு 30 நாள் அங்கேயே கிடக்கும், அதுவரை மீட்டுக்கொள்ளலாம். கணக்கையே மூடினாலும் முழுவதையும் அகற்ற 90 நாள் வரை ஆகலாம் என்கிறது நிறுவனம். நாம் பிறருக்கு அனுப்பிய செய்திகள் அதற்குப் பிறகும் அவர்கள் பெட்டியில் இருக்கும். 2011இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற சட்டக்கல்லூரி மாணவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் தகவலையெல்லாம் தரும்படி முகநூலைக் கேட்டார். ஒரு குறுந்தகடு வந்தது. அதில் 1,222 பக்கங்கள். அழித்துவிட்டதாக அவர் நினைத்திருந்த செய்திகளும் அதில் இருந்தன. அவர் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் புகார் மேல் புகாராகக் கொடுத்தார். நம்மில் எத்தனை பேர் அப்படிக் கேட்போம்?

நம்மூர்க் கதையும் உண்டு. 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை எஸ்.வி.சேகர் பகிர்ந்தார். பிறகு நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். வழக்கு மட்டும் நீங்கவில்லை. அதை ரத்துசெய்ய 2023இல் மறுத்த சென்னை உயர்நீதிமன்றம், சமூக ஊடகத்தில் அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு போன்றது என்றது. உச்சநீதிமன்றத்திலும் நிவாரணம் கிடைக்கவில்லை. கண்ணுக்கு மருந்து போட்டிருந்ததால் படிக்காமலே பகிர்ந்துவிட்டார் என்று வாதாடினார்கள். கண் தெரியாத நேரத்தில் விரல் மட்டும் எதற்கு வேலை செய்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சர்வரில் நகல் இருக்கிறதா என்ற கவலை எனக்கு இப்போது குறைந்துவிட்டது. அந்த இயந்திரத்துக்குச் சித்தப்பாவைத் தெரியாது. சித்தப்பாவைத் தெரிந்தவர்களின் கைபேசியில் இருப்பதுதான் சுடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போகியன்று 2015ஐ மொத்தமாக அழித்தபோது டிசம்பர் வெள்ளத்தில் எழுதியதும் அதோடு போனது. மாசி பிறந்து சில நாள் கழித்துதான் எனக்கு உறைத்தது. மாம்பலத்தில் மொட்டை மாடியில் மாட்டிக்கொண்டிருந்த என் நண்பன், சிக்னல் கிடைத்தபோதெல்லாம் என் பதிவின் கீழே எழுதிக்கொண்டிருந்தான். "தண்ணீர் மூன்றாம் படியில்." "ஐந்தாம் படி." "பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பால் பாக்கெட் கிடைக்குமா?" கடைசியில், "இறங்குகிறது." 2021இல் கொரோனாவில் அவன் போய்விட்டான். அவன் எழுதி என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

குப்பையில் தேடினேன். 30 நாள் தாண்டிவிட்டது. முன்பு தரவிறக்கி வைத்திருந்த கோப்பைத் திறந்தேன். அதில் என் வரிகள் மட்டும் வரிசையாக இருந்தன. கீழே மற்றவர்கள் எழுதியது எதுவும் இல்லை. அன்றைய பதிவை அப்போது யாராவது படம்பிடித்து வைத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். பேட்டரி எத்தனை சதவீதமாக இருந்தாலும் பரவாயில்லை.