உக்கிராணத்தின் சாவி

கடந்த மாதம் எங்கள் உறவினர் ஒருவர் பாளையங்கோட்டையில் கட்டி முடித்த புது வீட்டின் பிரதிஷ்டை ஜெபத்துக்குப் போயிருந்தேன். இரண்டு மாடி, ஐந்து படுக்கையறை, தேக்குக் கதவுகள், வாசலிலே "எபெனேசர்" என்று பித்தளையில் பொறித்த பெயர்ப்பலகை. ஜெபம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து இலையில் இருந்த என் தம்பி மகன் மெதுவாக, "பெரியப்பா, இந்த வீட்ல எத்தன பேரு இருக்கப் போறாங்க?" என்று கேட்டான். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருப்பதால் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் என்று சொன்னேன். அவன் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. ஆனால் வாடகை கொடுக்க முடியாமல் ஒரே வருடத்தில் மூன்று வீடு மாறிய குடும்பம் ஒன்று எங்கள் சபையிலேயே இருக்கிறது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவன் கேட்டது அந்த உறவினரைப் பற்றி மட்டும் என்றால் நான் இதை எழுத வேண்டியதில்லை. எனக்கும் சொந்த வீடு இருக்கிறது; அதுபோக, இன்னும் ஒன்றும் கட்டாத மனை ஒன்றும் இருக்கிறது. ஆகவே, பிறர் பசித்திருக்கும்போது ஒரு கிறிஸ்தவன் சொத்து வைத்திருக்கலாமா என்ற கேள்விக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனாகத்தான் பதில் தேடுகிறேன்.

இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க நம் பிரசங்க மேடைகளில் பல வழிகள் உண்டு. "ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைப்பார்க்கிலும், ஒட்டகமானது ஊசியின் காதிலே நுழைவது எளிதாயிருக்கும்" என்ற வசனம் வந்தவுடனே, எருசலேமில் ஊசியின் காது என்ற பெயரில் ஒரு சிறு வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு முழங்காலிட்டால் அதற்குள் நுழைந்துவிடும் என்று விளக்கம் சொல்லப்படுவதை நான் சிறுவயதிலிருந்து கேட்டு வருகிறேன். இயேசுவின் காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஒட்டகத்தைச் சிறிதாக்க முடியாதவர்கள் ஊசியின் காதைப் பெரிதாக்கிக்கொண்டார்கள். அந்த வார்த்தையைக் கேட்ட சீஷர்கள், அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படக்கூடும் என்று திகைத்தார்களே. முழங்காலிட்டால் போதும் என்பதுதான் பொருளென்றால் அவர்கள் ஏன் திகைக்க வேண்டும்?

அதே சமயம், கிறிஸ்தவன் எதையுமே சொந்தமாக வைத்திருக்கக்கூடாது என்று வேதம் சொல்வதாகவும் எனக்குத் தெரியவில்லை. ஆதிச் சபையைச் சேர்ந்த அனனியா நிலத்தை விற்று, முழுவதையும் கொடுப்பதுபோலக் காட்டிப் பணத்தில் ஒரு பங்கை மறைத்துவைத்தபோது, "அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ? அதை விற்றபின்பும் அதின் கிரயம் உன் வசத்திலிருக்கவில்லையோ?" என்றுதான் பேதுரு கேட்கிறார். பொய் சொன்னதற்காக அவன் தண்டிக்கப்பட்டானேயொழிய நிலம் வைத்திருந்ததற்காக அல்ல. இயேசுவோடும் பன்னிருவரோடும் கூட நடந்து, தங்கள் ஆஸ்திகளால் அவருக்கு ஊழியம் செய்த யோவன்னாள், சூசன்னாள் முதலிய பெண்களைப் பற்றி லூக்கா எழுதியிருக்கிறார். இரத்தாம்பரம் விற்ற லீதியாளுக்கு வீடு இருந்ததனால்தான் பவுலுக்குப் பிலிப்பியில் தங்க இடம் கிடைத்தது. இவர்களுடைய வீட்டுக் கதவு உள்ளே வருகிறவர்களுக்காகத் திறந்திருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இங்கே நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பு எனக்கு ஒரு வார்த்தையைக் கொடுத்து உதவுகிறது. பொருளைப் பொறுப்பேற்றுப் பராமரிப்பவனை அது "உக்கிராணக்காரன்" என்று அழைக்கிறது. உக்கிராணம் என்பது எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் இன்றும் வழங்குகிற சொல். அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய் டின், வாழையிலைக் கட்டு, வெற்றிலை எல்லாவற்றையும் இறக்கிவைக்கிற அறை அது. அதன் சாவியை வீட்டுக்காரர் யார் கையிலும் கொடுத்துவிட மாட்டார்; நம்பிக்கையான ஒரு தாய்மாமனையோ சித்தப்பாவையோ பார்த்துத்தான் கொடுப்பார். சமையற்காரர் கேட்கும்போது கேட்ட பொருளைக் குறையாமல் எடுத்துக் கொடுப்பதும், வீணாகாமல் பார்த்துக்கொள்வதும், கடைசியில் கணக்கு ஒப்புவிப்பதும்தான் அவருடைய வேலை. கல்யாணம் முடிந்த பிறகு உக்கிராணம் நிறைந்தே இருக்கிறது, ஆனால் மூன்றாம் பந்திக்குச் சாதம் இல்லாமல் போனது என்றால், அந்த மாமனுடைய சிக்கனத்தை ஊரில் யாராவது மெச்சுவார்களா? அந்த அறையில் இருக்கிற அரிசி அவருடையது இல்லை என்பது அவர் உட்பட எல்லாருக்கும் தெரியும். நம் வங்கிக் கணக்கைப் பற்றி மட்டும் இது நமக்கு மறந்துபோகிறது.

ஆதிச் சபையின் போதகர்களான சபைப் பிதாக்களில் இதை மிகக் கடுமையாகச் சொன்னவர் செசரியாவின் பசிலியு. இன்றைய துருக்கியில் கைசேரி என்று அழைக்கப்படுகிற அந்த ஊரில் 368, 369 வாக்கில் மழை பொய்த்துக் கொடிய பஞ்சம் வந்தது. தானியம் வைத்திருந்தவர்கள் விலை ஏறட்டும் என்று களஞ்சியங்களைப் பூட்டிவைத்தபோது, அப்போது மூப்பராக இருந்த பசிலியு, "என் களஞ்சியங்களை இடித்து, பெரிதாகக் கட்டி" என்று திட்டமிட்ட மதிகேடனின் உவமையை எடுத்துப் பிரசங்கித்தார். நீ பிடித்துவைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, உன் பெட்டியில் கிடக்கும் மேலாடை நிர்வாணியுடையது, உன்னிடத்தில் மக்கிப்போகும் செருப்பு வெறுங்காலனுடையது என்பது அவர் வாதம். அவர் கொடுப்பதைத் தருமம் என்று புகழவில்லை. கொடாமையைத் திருட்டு என்று சொன்னார். வசதியான குடும்பத்தில் பிறந்த அவர் தம்முடைய சொத்தையும் செலவிட்டுப் பசித்தவர்களுக்கு உணவளித்தார். பின்னர் ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்குமாக ஒரு பெரிய காப்பகத்தையே எழுப்பினார். அந்தப் பிரசங்கத்தை ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஃபேன் காற்றில் உட்கார்ந்து வாசிக்கிற எனக்கே என் பீரோவைத் திறக்கக் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் நடுத்தரக் குடும்பத்துக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு கணக்கு என்று நான் நினைக்கிறேன். அதை நான் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் பிரசங்கியார் ஜான் வெஸ்லியிடம் கண்டேன். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஓர் இளைஞனைப் பற்றி அவர் ஒரு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் பேசுகிறார். அவர் தம்மைத்தான் சொல்கிறார் என்பது பொதுவான கருத்து. அந்த இளைஞனுக்கு முதல் ஆண்டில் 30 பவுண்டு வருமானம்; 28 பவுண்டில் வாழ்ந்துவிட்டு 2 பவுண்டைக் கொடுத்தான். மறு ஆண்டு வருமானம் 60 ஆனது. அப்போதும் 28 பவுண்டில் வாழ்ந்து 32 பவுண்டைக் கொடுத்தான். மூன்றாம் ஆண்டு 90, நான்காம் ஆண்டு 120 என்று உயர்ந்தபோதும் அந்த 28 மாறவில்லை. கல்யாணம் ஆகாமல் கல்லூரியிலேயே தங்கியிருந்தவருக்கு இது எளிது, பால்காரனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் கட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று என் மனைவி சொன்னாள். அது நியாயம்தான். ஆனாலும் என்னைத் தொந்தரவு செய்வது 28 என்ற எண் அல்ல. எனக்கு அப்படி ஓர் எண்ணே இல்லை என்பதுதான் என் சங்கடம். சம்பளம் உயர்ந்த ஒவ்வொரு முறையும் என் தேவையும் அதோடு சேர்ந்து ஏறியது. தசமபாகம் தவறாமல் கொடுத்தேன், மீதி தொண்ணூறு சதவீதம் பற்றி யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை என்ற நிம்மதியோடு இருந்தேன். "போதுமென்கிற மனதுடனே கூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்" என்ற வசனம் எங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களாகிய நாம் இதைப் பேசும்போது நம்முடைய சொந்தக் கதையையும் நினைத்துக்கொள்ள வேண்டும். நம்மில் பலருடைய பாட்டனும் பூட்டனும் பனையேறிகள். வேதத்துக்கு வந்ததனால் நிலக்காரர்களிடம் அடிபட்டு வீடிழந்தவர்கள் அவர்களில் உண்டு. அப்படிப்பட்டவர்களைக் குடியேற்ற நிலம் வாங்குவதற்காகவே ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1830இல் தரும சங்கத்தைத் தொடங்கினார். பிறகு பள்ளிக்கூடம் வந்தது, ஆசிரியப் பயிற்சி வந்தது, ஆஸ்பத்திரி வந்தது. இங்கிலாந்தில் கூலி வேலை செய்தவர்கள்கூட வாரத்துக்கு ஒரு பென்னி என்று மிஷன் சங்கங்களுக்குச் சேர்த்துக் கொடுத்த பணமும் அவற்றில் இருந்தது. எங்கள் பூட்டனுடைய கையில் இருந்த பாளை அரிவாள் என் தாத்தா கையில் சாக்குக்கட்டியாக மாறியதற்கு அவருடைய உழைப்பு மட்டும் காரணமல்ல. முகம் தெரியாத யாரோ தங்கள் உக்கிராணத்தைத் திறந்தார்கள். இப்போது நான் "என் உழைப்பு, என் வீடு" என்று சொல்லும்போது அந்தப் பென்னியைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறேன்.

வெள்ளாளன்விளையில் பிறந்து 1912இல் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா இதை மறக்கவில்லை. இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கல் பகுதியில் அவருடைய சபையினரில் பெரும்பாலோர் நிலமற்ற, தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட கூலித் தொழிலாளர்கள். அவர்களிடமும் அவர் கொடுக்கக் கற்றுக்கொடுத்தார். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து ஆலயத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் அங்கே வேரூன்றியது. ஏழையிடம் கேட்பது கொடுமை என்று எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் என் பாட்டியின் அடுக்களையிலும் அப்படி ஒரு மண்கலயம் இருந்தது. அதில் அரிசி போடும்போது பாட்டியின் முகத்தில் இருந்த நிமிர்வைப் பார்த்தவன் நான். வாங்குகிறவர்கள் என்ற ஒரே இடத்தில் மனிதரை என்றென்றைக்கும் உட்கார்த்திவைப்பதும் ஒரு வகை அவமதிப்புதான்.

விசுவாசித்தால் பணமும் வசதியும் வரும் என்கிற செழிப்பின் உபதேசத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்ற வாக்குத்தத்த அட்டை எல்லார் வீட்டிலும் இருக்கிறது. எல்லாரும் தலையானால் வால் யார் என்று எந்தக் கன்வென்ஷனிலும் யாரும் கேட்பதில்லை. கார் வாங்கியது சாட்சியாகும்போது, பேருந்தில் வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவருடைய வறுமை அவருடைய விசுவாசக் குறைவாகிவிடுகிறது. அதுதான் இந்த உபதேசத்தின் மிகப் பெரிய பாவம்.

கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. அதை நான் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்று யாக்கோபு எழுதுகிறார். எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாகப் பாத்திரம் தேய்த்து வீடு பெருக்குகிற அக்காவுக்கு நாங்கள் கிறிஸ்துமஸ் தோறும் சேலையும் கேக்கும் கொடுத்து வந்தோம். மகனுடைய பள்ளிக்கட்டணத்துக்கு ஒருமுறை உதவியும் செய்தோம். அந்த ஒன்பது வருடத்தில் என் சம்பளம் இரண்டரை மடங்காக உயர்ந்தது, அவருடைய மாதக் கூலியோ இரண்டே முறைதான் உயர்ந்தது. அதுவும் அவர் கேட்ட பிறகு. சேலை கொடுத்தபோது நான் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டேன். கூலியைச் சரியாகக் கொடுத்திருந்தால் அந்தச் சேலையை அவரே, தமக்குப் பிடித்த நிறத்தில், வாங்கியிருப்பார்.

நாம் கொடுப்பதில் இன்னொரு குறையும் உண்டு. ஒரே பந்தியில் உட்காராமல் கொடுக்கிறோம். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் இளைஞராக இருந்த அசரியா, நீங்கள் உங்கள் பொருள்களைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று வெள்ளைக்காரர்களின் முகத்துக்கு நேரே பேசினார். 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய இரண்டு மருத்துவர்களில் ஒருவர் தமிழர் ஏசுதாசன். மற்றவர் செல்வக் குடும்பத்தில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர் ஃபாரஸ்டர் பேட்டன். கதர் உடுத்தி எளிமையாக வாழ்ந்த அவர்களை மக்கள் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தார்கள். காசோலை அனுப்புகிறவரை யாரும் அண்ணன் என்று கூப்பிடுவதில்லை. எங்கள் பக்கத்து அசனப் பண்டிகையில் அரிசியும் ஆடும் காணிக்கையாக வந்து சேர, எல்லாரும் ஒரே குழம்பை ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது அந்த அண்டாவுக்குள் போன பிறகு யாருக்கும் தெரியாது. வருடத்தில் ஒரு நாள் அது நடக்கிறது.

அப்படியானால் எவ்வளவு வைத்திருக்கலாம் என்று கேட்பீர்கள். உங்களுக்கான எண்ணை நான் சொல்ல முடியாது. ஓய்வூதியம் இல்லாத வேலை, ஒரே ஒரு அறுவை சிகிச்சையில் கரைந்துபோகும் சேமிப்பு, பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சீதனம் என்ற பெயரில் நம் சபைகளே இன்னும் தலைமேல் வைத்திருக்கிற பவுன் கணக்கு ஆகியவற்றுக்கு நடுவில் வாழ்கிறவர்களுடைய பயத்தைப் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன். என்றாலும் பயத்துக்கும் ஓர் எல்லை வேண்டும். முதல் வீடு பயத்தினால் கட்டியது. இரண்டாவது மனையை நான் பயத்தினால் வாங்கவில்லை, விலை ஏறும் என்று சொன்னார்கள், வாங்கினேன்.

நானும் மனைவியும் ஒரு வாரம் உட்கார்ந்து பேசி, மாதம் எங்களுக்கு இவ்வளவு போதும் என்று ஒரு தொகையை நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். முதல் மாதமே அதைத் தாண்டிவிட்டோம். வேலைக்கார அக்காவின் கூலியை அவர் கேட்காமலே உயர்த்தினோம், "என்ன சார், யாரும் எதும் சொன்னாங்களா?" என்று சந்தேகத்தோடு கேட்டார். மனைப் பத்திரம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று, அடுத்த மாதம் மகள் ஊருக்கு வரும்போது, தம்பி மகனையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசலாம் என்றிருக்கிறோம். கேட்டவன் அவன்தானே.