நவம்பர் கடைசியில் கிளம்ப வேண்டாம்
கொச்சியிலிருந்து சீஷெல்ஸுக்குப் பாய்மரப் படகில் போக நவம்பர் கடைசியில் கிளம்பலாம் என்று கட்டுரையில் இருக்கிறது. தயவுசெய்து ஜனவரிக்குத் தள்ளிவையுங்கள். நான் கேரள எல்லையை ஒட்டிய நீரோடிக்காரன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது கடலில் இருந்த எங்கள் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர் கரை திரும்பவே இல்லை. ஜனவரியில் வாடைக்காற்று சீராக இருக்கும்.

தூரம் சுமார் 1,500 கடல் மைல். நாளுக்கு 120 ஓடினால் 13 நாள். சரி, ஆனால் நிலநடுக்கோட்டுப் பக்கம் காற்று செத்துப்போகும். 25 நாளுக்காவது தண்ணீர் வேண்டும். அதை ஒரே டாங்கில் வைக்காதீர்கள். ஆழ்கடலுக்குப் போகும்போது அப்பா சின்னச் சின்னக் கேன்களில் பிரித்து, மூடியைச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டுவார். ஒன்றில் உப்புத்தண்ணீர் புகுந்தாலும் மற்றவை தப்பும்.