ஸ்கோருக்குப் பயந்து லோனை இழுக்காதீங்க

"லோனை முடிச்சா கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்கா கட்டுறோமான்னு காட்டுற மதிப்பெண்) விழுந்துடும், அதனால முதல்ல புது கிரெடிட் கார்டுக்கு அப்ளை பண்ணுங்க"ன்னு சிலர் சொல்றாங்க, இது பாதி உண்மைதாங்க. லோன் க்ளோஸ் ஆனதும் ஸ்கோர் கொஞ்சம் இறங்கலாம், ஆனா பெரும்பாலும் அது சின்ன இறக்கம், சில மாசத்துல ஏறிடும், ஒழுங்கா கட்டின ஹிஸ்டரியும் கிரெடிட் ரிப்போர்ட்ட (கடன் விவரப் பதிவு) விட்டு உடனே போயிடாது. உங்க லோனுக்கு வருஷத்துக்கு 24% வட்டின்னா, ஸ்கோருக்காக அதை சுமக்கணுமா? 1 லட்சம் பாக்கின்னா முதல் மாசமே 2,000 வட்டிக்குப் போகுது, நீங்க 5,000 கட்டினாலும் அசல்ல 3,000தான் குறையும். கார்டுக்கு அப்ளை பண்றதும் ஸ்கோரை கொஞ்சம் குறைக்கும், சம்பளத்துல பாதி இஎம்ஐக்கே போகுதுன்னா ரிஜெக்ட் ஆகவும் வாய்ப்பு இருக்கு, அப்போ கார்டும் கிடைக்காது, ஸ்கோரும் குறைஞ்சிருக்கும். முன்கூட்டியே அடைச்சா அபராதம் உண்டான்னு மட்டும் கேட்டுட்டு லோனை முடிங்க, ரிப்போர்ட்ல க்ளோஸ்டுன்னு வந்தப்புறம் கார்டு பாத்துக்கலாம்.